ஆக்டோபசுக்கு மூன்று இதயம்: இதை எப்படிச் சொல்வது?

ஆக்டோபசுக்கு மூன்று இதயங்கள். இதைத் தெரிந்துகொண்டு யாரும் காசு சம்பாதித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. தெரியாமல் போனதால் யாருக்கும் நஷ்டமும் வந்திருக்காது. ஆனாலும் படித்த மறு நிமிடமே பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. துணுக்குகளின் குணம் அப்படி. ஆங்கிலத்தில் 'ட்ரிவியா' என்கிறார்களே, அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ட்ரிவியம்' என்றால் மூன்று வழிகள் கூடும் இடம். அச்சு அசலாக நம்முடைய முச்சந்தி. வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு நிமிடம் நின்று, வேலைக்கு உதவாததைப் பேசிவிட்டுப் போகும் இடம்.

அந்தப் பேச்சிலும் ஒரு பக்குவம் உண்டு. அதே ஆக்டோபசை ஒருவர் சொன்னால் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். இன்னொருவர் சொன்னால் "அப்படியா" என்று கைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள். நீண்ட நாளாகத் துணுக்கு வியாதி உள்ளவன் நான். நேராகச் சொல்வது, கேள்வியாகக் கேட்பது, உண்மைக்கு நடுவே பொய்யை ஒளித்து விளையாடுவது, தினம் ஒன்றாகக் குழுவில் அனுப்புவது, கதையாக விரிப்பது என்று ஐந்து வழிகளையும் முயன்று பார்த்து, ஐந்திலும் அடிபட்டிருக்கிறேன். எந்த இடத்தில் எது எடுபடும் என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் அளவுகோல். வாம்பேட் என்று ஒரு ஆஸ்திரேலிய விலங்கு இருக்கிறது. குட்டைக் கால், உருண்டை உடம்பு. அதன் சாணம் கனசதுரமாக, பகடைக்காய் போல விழும். இதை நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பத்து நாள் கழித்து, அன்றைக்கு அங்கே இல்லாத ஒருவர் என்னிடம் வந்து, "கங்காருவின் சாணம் முக்கோணமாக இருக்குமாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். நான் போட்ட கடிதமேதான். உறை கிழிந்து, எழுத்து அழிந்து, என் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. அன்றிலிருந்து சிரிப்பை வைத்து எதையும் எடைபோடுவதில்லை. சொன்ன துணுக்கு ஒரு வாரம் கழித்தும் கை கால் ஒடியாமல் ஊர் சுற்றுகிறதா என்று பார்க்கிறேன்.

நேராகச் சொல்வது

"உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் முடித்துவிடுவது. ஐந்து வினாடி போதும், முன்தயாரிப்பு வேண்டாம், கேட்பவர் நின்றுகொண்டிருந்தாலும் நடந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை. வியப்பு முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடும் துணுக்குகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குறிப்பாகக் காலக் கணக்கில் நம்மைத் தடுமாற வைப்பவை. எகிப்தின் பெரிய பிரமிடு கட்டப்பட்டது ஏறத்தாழ கி.மு. 2560-இல். கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல். ஆகவே கிளியோபாட்ராவுக்குப் பிரமிடு ஏறக்குறைய 2,500 ஆண்டுப் பழசு. நிலவுப் பயணமோ 2,000 ஆண்டுத் தொலைவில்தான். ஆக்ஸ்போர்டில் 1096-லேயே பாடம் நடந்துகொண்டிருந்தது; இன்றைய மெக்சிகோவில் வாழ்ந்த ஆஸ்டெக் மக்களின் தலைநகரான டெனோச்டிட்லான் உருவானது 1325-இல். வீடியோ கேம் செய்யும் நின்டெண்டோ நிறுவனம் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கியது 1889-இல், ஈபிள் கோபுரம் திறக்கப்பட்ட அதே ஆண்டில்.

இவற்றைக் கேள்வியாக்கினால் வீணாகிவிடும். "எது முந்தியது?" என்று கேட்ட உடனேயே எதிரில் இருப்பவர் உஷாராகி, தனக்குத் தோன்றியதற்கு எதிரான பதிலைச் சொல்லிவிடுவார். நேராகச் சொன்னால்தான் மனதுக்குள் அந்தச் சின்ன வழுக்கல் நிகழும்.

இந்த வழியின் குறை என்னவென்றால், கேட்பவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. வேலை கொடுக்காதது மனதில் தங்குவதும் இல்லை. என் வாம்பேட் கங்காருவானது இப்படித்தான். இன்னொரு ஆபத்து சொல்பவருக்கு. ஒன்று எடுபட்டால் நாக்கு அடுத்ததைத் தேடும். இரண்டாவதுக்கும் சிரிப்பு கிடைக்கும், மூன்றாவதில் சிரிப்பு மெலியும், ஐந்தாவதில் நீங்கள் வாத்தியாராகிவிடுவீர்கள்.

கேள்வியாகக் கேட்பது

என் ஓட்டு இதற்குத்தான், மறைக்கவில்லை. "ஆக்டோபசுக்கு எத்தனை இதயம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி. யாராவது ஒருவர் "எட்டு" என்பார். கை எட்டு என்பதால் இதயமும் எட்டு. இன்னொருவர் "ஒன்றுகூட இல்லை, அதனால்தான் இந்தக் கேள்வி" என்பார். மூன்றாமவர் முதலாமவரோடு வாதிடத் தொடங்கிவிடுவார். இவ்வளவும் நடந்த பிறகு "மூன்று" என்றால், அந்த மூன்று ஆளுக்கொரு மாதிரி உறைக்கிறது. தோற்றவருக்குத்தான் அதிகம் உறைக்கும்.

இதற்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. 2014-இல் 'நியூரான்' இதழில் க்ரூபர், கெல்மன், ரங்கநாத் ஆகிய மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். துணுக்குக் கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் அறிய எவ்வளவு ஆவல் என்று பங்கேற்றவர்களிடமே மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு பதிலுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டினார்கள். ஆவல் அதிகமாக இருந்த கேள்விகளின் பதில்கள் நன்றாக நினைவில் நின்றன. கூடவே, அந்த ஆவலின் நடுவில் காட்டப்பட்ட முகங்களும் நினைவில் நின்றன. காத்திருக்கும்போது மனம் கதவைத் திறந்து வைக்கிறது. அந்த நேரத்தில் யார் வந்தாலும் உள்ளே போய்விடலாம் போலிருக்கிறது.

ஆகையால் பதிலைச் சொன்ன கையோடு அதன் வாலையும் சேர்த்து உள்ளே அனுப்பிவிட வேண்டும். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு இரத்தத்தைத் தள்ளுகின்றன, மூன்றாவது உடம்புக்கு. ஆக்டோபஸ் நீந்தும்போது அந்த மூன்றாவது துடிப்பை நிறுத்திவிடும்; சீக்கிரம் களைத்துப் போவதால் அது நீந்துவதைவிடத் தவழ்வதையே விரும்புகிறது. இரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகத் தாமிரம் இருப்பதால் நிறம் நீலம். காரணம் என்ற வால் ஒட்டிய துணுக்கு எளிதில் உருமாறாது. வாம்பேட்டின் குடல் சுவரில் சில பகுதிகள் விறைப்பாகவும் சில பகுதிகள் தளர்வாகவும் இருப்பதால்தான் சாணத்துக்கு மூலைகள் உண்டாகின்றன என்று அன்றே சொல்லியிருந்தால், பாவம், கங்காரு தப்பித்திருக்கும். (இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.)

கேள்விக்கு மிகவும் ஏற்றவை எண்கள். எத்தனை பேர் கூடினால், அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்த நாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு? பெரும்பாலும் 183 என்ற பதில்தான் வரும், 365-இல் பாதி. விடை 23. நம்பாதவரிடம் 'என்னோடு யாருக்குப் பொருந்தும்' என்று நாம் நினைத்துப் பார்ப்பதுதான் கோளாறு என்று சொல்லுங்கள். 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 ஜோடிகள் வருகின்றன.

இதைவிட எனக்குப் பிடித்தது வினாடிக் கணக்கு. ஒரு லட்சம் வினாடி என்றால் 27 மணி 46 நிமிடம், ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல். இதைச் சொல்லிவிட்டு, நூறு கோடி வினாடி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "மூன்று மாதம்", "ஒரு வருடம்" என்று வரும். ஒரு கோடிக்கே கிட்டத்தட்ட 116 நாள் ஆகிவிடுகிறது. நூறு கோடிக்கு 31 ஆண்டும் சில மாதமும். முப்பத்திரண்டு வயதுக்காரர் யாராவது அந்த இடத்தில் இருந்தால், நூறு கோடியைத் தாண்டியவர் என்று அவரைக் காட்டலாம்.

கைக்கு வேலை வைக்கும் கேள்வி இன்னும் ஒரு படி மேல். ஒரு தாளைக் கொடுத்து, எத்தனை முறை பாதி பாதியாக மடிக்க முடியும் என்று கேளுங்கள். "இருபது" என்று தொடங்கியவர் ஆறாவது மடிப்பில் பல்லைக் கடிப்பார், ஏழாவதில் தாள் சிறு கட்டையாகி எதிர்த்து நிற்கும். பிரிட்னி காலிவன் என்ற கலிபோர்னியப் பள்ளி மாணவி 2002-இல் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கழிப்பறைக் காகிதச் சுருளை விரித்து 12 முறை மடித்துக் காட்டினார். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை 42 முறை மடிக்க முடிந்தால் அது சுமார் 4.4 லட்சம் கிலோமீட்டர் உயரும். நிலவு சராசரியாக 3.84 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் கையில் அந்தக் கட்டை இன்னும் இருக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஊகிக்கவே வழியில்லாததைக் கேட்டால் அது பரீட்சை. "வாம்பேட்டின் சாணம் என்ன வடிவம்?" என்று கேட்டால், கேள்வியே பாதிப் பதிலைக் காட்டிக்கொடுத்துவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒதுங்குவார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது.

பொய்யை ஒளித்து வைப்பது

இரண்டு உண்மை, ஒரு பொய். எது பொய்? கூச்சலுக்கும் கும்மாளத்துக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. பூமியில் மரங்கள் தோன்றுவதற்கு முன்பே சுறாக்கள் தோன்றிவிட்டன. ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு, ஒற்றைக் கொம்புள்ள கற்பனைக் குதிரையான யூனிகார்ன். தங்கமீனுக்கு மூன்று வினாடிதான் ஞாபகம் இருக்கும். பெரும்பாலானவர்கள் யூனிகார்னைத்தான் பொய் என்பார்கள். பொய் தங்கமீன். மாதக்கணக்கில் நினைவு வைத்துக்கொள்ள அதனால் முடியும்.

ஆனால் என் அளவுகோலில் இந்த விளையாட்டு கொஞ்சம் வில்லங்கமானது. கேட்கக் கேட்கப் பொய்யும் மெய்யாகத் தோன்றும் என்பதை 1977-இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே வாக்கியத்தைச் சில வார இடைவெளியில் திரும்பக் கேட்டவர்கள், அது பொய்யானாலும் உண்மையாக இருக்கும் என்று கூடுதலாக நம்பத் தொடங்கினார்கள். விளையாட்டு முடிந்து ஒரு மாதம் ஆனதும் 'எங்கோ கேட்டேனே' என்பது மட்டும் தங்கும். அது பொய் என்று அறிவித்த பகுதி உதிர்ந்துவிடும்.

எனவே நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். பொய்யைப் புதிதாகக் கட்டுவதில்லை. ஏற்கெனவே ஊரில் திரிந்துகொண்டிருக்கும் பொய்யைத்தான் எடுப்பேன். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பது ஒன்று. நிலவிலிருந்து தெரியாது, 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றும் உயரத்திலிருந்தே அது தன் கண்ணுக்குப் படவில்லை என்றுதான் சொன்னார். ஐன்ஸ்டைன் பள்ளியில் கணக்கில் தோற்றார் என்பது இன்னொன்று. பதினைந்து வயதுக்குள் நுண்கணிதத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். இந்த ஐன்ஸ்டைன் கதையை, தேர்வில் மதிப்பெண் குறைந்த ஒரு பையனுக்கு ஆறுதலாக நானே சொல்லியிருக்கிறேன். அவன் போய்ப் படித்துப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திருத்தினான்.

புதுப் பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்கர் 1974-இல் துணுக்குக் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். யாராவது தன் உழைப்பைத் திருடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதற்குள் ஒரு பொய்யை வேண்டுமென்றே விதைத்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் 'ஃபிலிப்'. அந்தத் தொடரில் யாரும் அவரை அப்படி அழைத்ததே கிடையாது. சில ஆண்டுகள் கழித்து, 'ட்ரிவியல் பர்ஸ்யூட்' என்ற வினாடி வினாப் பலகை விளையாட்டு விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதன் ஒரு சீட்டில் கொலம்போவின் முதல் பெயர் கேட்கப்பட்டிருந்தது. பதில்: ஃபிலிப். பொறியில் எலி விழுந்த மகிழ்ச்சியில் வொர்த் 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவருடைய நூலையும் பயன்படுத்தியதை மறைக்கவில்லை. ஆனால் தகவல்கள் யாருக்கும் சொந்தமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது; 1987-இல் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். பொய் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஃபிலிப் கொலம்போ என்று நம்புகிறவர்கள் பிறகும் இருந்தார்கள்.

தினம் ஒன்று

வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு துணுக்கு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் கைதட்டும் பொம்மைகள் வரும், இரண்டாவது வாரம் கட்டைவிரல் மட்டும், மூன்றாவது வாரம் யாரோ குழுவின் மணியோசையை நிறுத்திவிடுவார்கள். தினம் ஒன்று வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் சரக்கின் தரமும் சரிகிறது. சரிபார்க்க நேரமில்லாமல் கிடைத்ததை அனுப்பத் தோன்றும். வாரத்துக்கு ஒன்று, அதுவும் கேள்வியாக, பதில் மறுநாள் என்றால் தேறும். எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

கதையாக விரிப்பது

நேரமும் இடமும் வாய்த்தால் இதற்கு நிகரில்லை. நீண்ட பயணம், மின்சாரம் போன இரவு, மருத்துவமனை வரிசை. 1932 நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்குள் ஈமு கோழிகள் ஆயிரக்கணக்கில் புகுந்தன. மேஜர் மெரடித் என்ற அதிகாரியின் தலைமையில் வீரர்கள் வந்தார்கள். இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், பத்தாயிரம் தோட்டாக்கள். ஓர் அணைக்கரையில் பதுங்கியிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் நெருங்கி வந்தன. சுட ஆரம்பித்தார்கள், பத்துப் பன்னிரண்டு விழுந்ததும் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, மற்றவை சிதறி ஓடிவிட்டன. அடுத்து துப்பாக்கியை லாரியில் ஏற்றித் துரத்தினார்கள். லாரியால் ஈமுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குலுக்கிய குலுக்கலில் ஒரு குண்டுகூடச் சுட முடியவில்லை. கடைசியில் மேஜர் கொடுத்த கணக்கு 986 பறவைகள், 9,860 தோட்டாக்கள். ஒரு பறவைக்குச் சரியாகப் பத்து. இவ்வளவு ஒழுங்கான கணக்கை மளிகைக் கடையில்கூட யாரும் நம்பமாட்டார்கள்.

"ஆஸ்திரேலியா ஈமுக்களிடம் போரில் தோற்றது" என்று ஒரே வரியில் சொன்னால் இதில் பாதி ருசிகூட வராது. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் கேட்டவர் திரும்பச் சொல்லும்போதும் வரிசை குலையாது. என் அளவுகோலில் கேள்விக்கு அடுத்த இடம் கதைக்குத்தான். முதலிடம் தராததற்குக் காரணம், ஐந்து நிமிடம் முழுதாக யாரும் கொடுப்பதில்லை; நடுவில் தொலைபேசி ஒலித்தால் லாரி பாதி வழியில் நின்றுவிடுகிறது.

எந்த வழியானாலும் சரக்கைப் பொறுத்து ஒரு எச்சரிக்கை. உலகின் மிகக் குறுகிய போர் 1896 ஆகஸ்ட் 27-இல் பிரிட்டனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவு நாடான சான்சிபாருக்கும் நடந்தது, சுமார் 38 நிமிடம். இதைச் சிரிப்புத் துணுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியவர், "அதற்குள் எத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்டார். சான்சிபார் பக்கம் ஏறத்தாழ ஐந்நூறு பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். பதில் சொன்ன பிறகு அந்த இடத்தில் சிரிப்பு எழவில்லை. இப்போது அதைச் சொல்வதாக இருந்தால் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்கிறேன்.

விஷயம் தெரிந்தவர் எதிரில் இருந்தால் வேறு விதச் சங்கடம். "வெள்ளிக் கோளில் ஒரு ஆண்டைவிட ஒரு நாள் பெரிது" என்பது புகழ்பெற்ற துணுக்கு. தன்னைத்தானே ஒரு சுற்று சுற்ற 243 பூமி நாள், சூரியனைச் சுற்ற 225. ஆனால் அது எதிர்த்திசையில் சுழல்வதால், ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை அங்கே ஆவது சுமார் 117 நாள்தான். நாள் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தானே என்று அவர் கேட்டால் வாயடைத்துப் போவோம். அதைவிட, இந்த முரணையே கேள்வியாக்கி அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அவர் விளக்குவார், நாம் கேட்கலாம்.

கேட்பதும் ஒரு வழி, நான் மேலே எண்ணாமல் விட்டது. எதிராளி நமக்குத் தெரிந்த துணுக்கையே எடுக்கும்போது என்ன செய்வது? "தெரியும்" என்று சொல்லி அவர் வாயை அடைக்கலாம், முந்திக்கொண்டு விடையைச் சொல்லலாம். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டும் கசந்தன. சென்ற மாதம் என் அக்காள் மகள், அவளுக்கு ஒன்பது வயது, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, ஆக்டோபசுக்கு எத்தனை இதயம், சொல்லுங்கள் பார்ப்போம்?" நான் இதை அவளிடம் சொன்னதில்லை, அவள் அண்ணனிடம்தான் எப்போதோ இந்தக் கேள்வியைப் போட்டிருந்தேன். விட்டத்தைப் பார்த்து யோசித்துவிட்டு, "எட்டு?" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "தப்பு! மூன்று. நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும். அதனால்தான் அது தவழ்ந்தே போகும்."